பாண் தூள்

சல்லிக் கடலிலிருந்து கல்லெறி தூரம்
எங்கள் ஐந்தாம் வகுப்பு.
தகரக் கூரையில் காகம் நடந்தால்
கணக்குப் பாடம் ஒரு நிமிடம் நிற்கும்.

அன்று சமவலுப் பின்னம்.
கோடு ஒன்று கீறி
மேலே ஒன்று, கீழே இரண்டு.
பக்கத்தில் மேலே இரண்டு, கீழே நான்கு.
நடுவில் சமன் குறி போட்டுத் திரும்பினேன்.
இருபத்தாறு முகங்களும் என்னைப் பார்த்தன,
பொய் சொல்லிப் பிடிபட்டவளைப் பார்ப்பதுபோல.

"ஒண்டைவிட ரெண்டு பெரிசு டீச்சர்.
ரெண்டைவிட நாலு பெரிசு.
பிறகு எப்பிடிச் சமன்?"
கேட்டவன் மிதுர்சன்.
புத்தகத்தில் எழுதியிருந்தது:
தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் பெருக்குக.
அது அவனுக்குப் பதில் இல்லை,
எனக்கு இட்ட கட்டளை.

மறுநாள் ஒரு இறாத்தல் பாண் வாங்கினேன்.
திருகோணமலை பஸ் நிலையத்தில்
மான் ஒன்று வந்து பையை முகர்ந்தது.
பங்கு கேட்கத் தெரியாத பிராணி,
முழுவதையும் கேட்டது.
பாணை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
சேலையைத் தாண்டிச் சூடு ஏறியது.

மேசையில் வைத்து நடுவே வெட்டினேன்.
ஒரு பாதியை அப்படியே விட்டேன்.
மற்றதை வெட்டினேன், கால்.
காலை வெட்டினேன்.
"அரைக்கால்" என்றாள் அபிநிலா,
எங்கே காதில் விழுந்த சொல்லோ.
"அரைக்கால் எண்டா முழங்கால் வரைக்குமா?"
பின்வாங்கில் ஒருவன் கேட்க
வகுப்பு சிரித்து முடிக்கும்வரை
கத்தியோடு நின்றேன்.

பிறகு நான்கு துண்டையும் ஒட்டி வைத்து
"எட்டில் நாலு. இந்தப் பக்கம் இரண்டில் ஒன்று.
சமனா?"
எல்லோரும் ஓம் என்றார்கள்.
துசாளினி மட்டும் எழுந்து வந்து
கன்னம் மேசையில் பட, குனிந்து பார்த்தாள்.
"இல்லை டீச்சர். தூள் போயிட்டு."

போயிருந்தது.
மேசையிலும் என் விரல்களிலும்
கத்தியின் பல்லிலும் பாண் தூள்.
அவளுடைய வீட்டில் பங்கு போடுவது மணலில்.
சம்மாட்டிக்குப் பாதி,
மற்றப் பாதி வலை இழுத்தவர்களுக்கு.
கூறு பிரிக்கப் பிரிக்க
ஒன்றிரண்டு சூடை மணலுக்குள் போகும்.
யாருடைய பாதியிலிருந்து போகும் என்பது
அவளுக்குத் தெரியும்.
நல்லவேளை, என்னிடம் தராசு இல்லை,
இருந்திருந்தால் அவள்தான் வென்றிருப்பாள்.

(ஒரு பாணை இருபத்தாறு பேர் எப்படித் தின்றோம்
என்பதை இங்கே எழுதப்போவதில்லை.)

மூன்றாம் நாள் பழைய கலண்டர்த் தாள்களை
நாடாவாகக் கிழித்துக் கொடுத்தேன்.
மடியுங்கள். பாதிக்குச் சிவப்புப் பூசுங்கள்.
திரும்ப மடியுங்கள். விரியுங்கள்.
திரும்பவும்.
துசாளினி தாளை உதறிப் பார்த்தாள்.
எதுவும் சிந்தவில்லை.
"சிவப்பு அங்கேயே நிக்குது டீச்சர்,
கோடுதான் கூடுது."

அகல்யன் மூன்றாய் மடிக்கப் பார்த்துக்
கோணலாக்கி அழுதான்.
மிதுர்சன் எட்டு, பதினாறு என்று போய்
முப்பத்திரண்டில் பல்லைக் கடித்தான்.
"இனி ஏலாது."
பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே
"தாளுக்குத்தான் ஏலாது" என்றான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
கடல் கொஞ்சம் சத்தம் போட்டது.

வெள்ளிக்கிழமை சோதனை. நாற்பது கேள்வி.
மிதுர்சனுக்கு இருபது சரி.
நாற்பதின்மேல் இருபது என்று
சிவப்பில் எழுதிக் கொடுத்தேன்.
பெற்றோர் கையொப்பத்தோடு
திங்கள் திரும்பி வந்தது தாள்.
என் இருபதை வெட்டி, நாற்பதை வெட்டி,
பென்சிலால் நேர்த்தியாய்
மேலே ஒன்று, கீழே இரண்டு.

"அம்மாட்ட விளங்கப்படுத்தினன் டீச்சர்.
ரெண்டு கேள்வி.
ஒண்டு சரி, ஒண்டுதான் பிழை."

இருபதால் வகுத்தது சரி.
சுருக்கியதும் சரி.
அம்மாவின் கையெழுத்தும் சரி.
சிவப்புப் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு
மற்றப் பத்தொன்பது பிழைகளும்
எங்கே சிந்தியிருக்கும் என்று
மேசையைப் பார்த்தேன்.